சளியில் உண்மை கண்ட சான்றோர்
மருத்துவர் கிராம் வரலாறு

தமிழ் இலக்கணகாரர் தகுதி பற்றி வரும் வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினர். நன்மக்கள் கூடிய அவையிற் சொல்லத்தகாத ஒன்றை மறைத்து வேறொரு வாய்பாட்டாற் கூறுவது இடக்கரடக்கல் எனப்படும். உடம்பினின்றும் கழிவனவற்றின் பெயர்கள் பெரும்பாலும் இவ்விலக்கணத்துக்கு உட்பட்டனவே. சளி என்னும் சொல்லும் ஏறக்குறைய அவ்வரிசையைச் சார்ந்ததாகும். இலக்கியப் பகுதி ஒன்றிலே அச்சொல்லைத் தலைப்பில் இட்டமைக்காக வாசகர் முகஞ்சுளித்தல் கூடும். இட்டதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் அன்னையார் கடுங்காய்ச்சலும் நெஞ்சு நோவும் உற்று வைத்தியசாலையிலே கிடந்தார். வைத்தியர் நியூமோனியா என ஐயுற்றார். தாதி ஒருவர் சிறு போத்தல் ஒன்றைக் கொணர்ந்து அதிலே சளியைத் தரும்படி கேட்டார். மகனும் மருமகளும் அருகில் நிற்க, அயலாரும் பார்த்திருக்க, காறி உமிழ்வதற்கு அன்னையார் நாணினார். நாவினாலே சிறிது உமிழ்நீரைச் சேர்த்துப் போத்தலில் இட்டுக் கொடுத்தார். அது பரிசோதனைக்கு ஏலாதென்று மறுநாள் திருப்பப்பட்டது. ஒரு நாள் வீணாயிற்று. அந்நோயில் ஒரு நாள் என்பது சிறு காலமன்று. அவையிலே அடக்கவேண்டிய ஒன்றை நோய்ப்படுக்கையிலே அடக்குதல் தீங்காகும் என்பதை அன்று கற்றேன். அந்தப் போத்தல் ஆய்வுகூடத்துக்குச் சென்றதும் அங்கே யாது நிகழ்கின்றது என வினவியபோது, கிராம் சாயம் இடுவார்கள் என விடை வந்தது. நிறையை அளக்கும் கிராம் என்றே முதலில் எண்ணினேன். அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் வாழ்வு ஆசிரியத்தொழில் செய்வார் யாவரும் அறியத்தக்கது என்பதும் பின்னரே விளங்கின.

பிறப்பும் கல்வியும்

ஹான்ஸ் கிறிஸ்தியன் யோவாக்கிம் கிராம் என்பது அவரது முழுப் பெயர். டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோப்பன்ஹேகனிலே 1853 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 13 ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் சட்டக்கலைப் பேராசிரியர். நூல்களும் வாதங்களும் நிறைந்த மனையிலே வளர்ந்த பிள்ளை, நியாயத்தலத்தை நாடாது இயற்கையை நாடிற்று. கிராம் இளமையிலே விரும்பிக் கற்றது தாவரநூல். பேர்பெற்ற விலங்கியல் அறிஞராகிய யப்பேற்றஸ் ஸ்ரீன்ஸ்ரப் என்பவரிடத்தே 1873, 1874 ஆம் ஆண்டுகளில் உதவியாளராக இருந்து தாவர ஆராய்ச்சியிலே பயின்றார். இலையையும் வேரையும் மெல்லிய துண்டங்களாக அரிந்து நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து நோக்கும் பழக்கம் அங்கே வாய்த்தது. செடிகளின் குணத்தை ஆராய்ந்தவருக்கு அவற்றினின்று பெறும் மருந்துகளின் குணத்தை ஆராயும் வேட்கையும் உடன் பிறந்தது. பின்னாளிலே அவர் பெற்ற இரு பெரும் புகழுக்கும், அதாவது நுணுக்குக்காட்டியாற் பெற்ற புகழுக்கும் மருந்து நூலாற் பெற்ற புகழுக்கும், வித்து அக்காலத்தே ஊன்றப்பட்டது எனலாம்.

பின்னர் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் பயின்று, நகரத்து வைத்தியசாலைகள் பலவற்றிலே உதவி வைத்தியராகக் கடமையாற்றினார். மனித இரத்தத்திலுள்ள செங்குருதிக் கலங்களின் அளவை ஆராய்ந்து அவர் எழுதிய ஆராய்ச்சிக்கு 1883 ஆம் ஆண்டிலே கலாநிதிப் பட்டம் கிடைத்தது. கண்ணுக்குப் புலனாகாத சிறு கலங்களை ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொண்டிருப்பதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் குறித்தவர்கள் அறிவார்கள். அவ்வகைப் பொறுமை அவரிடத்தே நிறைய இருந்தது.

பேர்லின் நகரை நோக்கி

கிராமுக்குப் பதினொரு வயது நிரம்புமுன், 1864 ஆம் ஆண்டிலே, டென்மார்க்கு நாடு பிரசியாவோடும் ஒஸ்திரியாவோடும் பொருது தோற்றது. தன் நிலத்திலே பெரியதொரு பகுதியை இழந்தது. அப்பிரசியாவின் தலைநகராகிய பேர்லினுக்கே அவர் இருபது ஆண்டுகளின் பின்னர் மாணாக்கராய்ச் சென்றார். கல்விக்குப் பகையும் எல்லையும் இல்லை. 1883 ஆம் ஆண்டு தொடங்கி ஈராண்டுகள் ஐரோப்பிய நாடுகளிலே சுற்றி நுண்ணுயிர் நூலையும் மருந்து நூலையும் அவர் கற்றார்.

அக்காலத்திலே பேர்லினைப் போல நுண்ணுயிர் ஆராய்ச்சிக்குத் தகுந்த இடம் உலகிலே அரிது. சயரோகத்தை விளைக்கும் கிருமியைத் தாம் கண்டதாக றொபேட் கொக் 1882 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24 ஆந் திகதி அந்நகரிலேதான் அறிவித்தார். அதே ஆண்டிலே போல் எர்லிக் என்பவர் அக்கிருமிக்குச் சாயமேற்றும் வழியைச் செம்மைப்படுத்தினார். அன்று முதல் நோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டிலே தடவிச் சாயமிட்டு நோக்கிச் சயரோகத்தைத் துணிதல் மருத்துவர்க்குக் கைவந்தது. இழிந்ததெனத் துப்பியெறியும் சளி, நோய்க்கு நேரிற் சாட்சி பகரும் பொருளாய் உயர்ந்தது.

ஆயின், நியூமோனியாவின் காரணம் அப்போது துணியப்படவில்லை. சுவாசப்பையின் ஒரு கூறு முழுதும் கல்லீரல்போல் இறுகி, காய்ச்சலும் மூச்சுத்திணறலும் மிக்கு, உரம் வாய்ந்த ஆடவரையும் சில நாள்களிலே கொல்லும் நோய் அது. குளிரினாலே வருவது என்றார் சிலர். கிருமியினாலே வருவது என்றார் சிலர். கிருமி என்றவர்களுள்ளும் எக்கிருமி என்பதிலே ஒருமைப்பாடு இல்லை.

ஆசிரியரும் மாணாக்கரும்

பேர்லினிலுள்ள பிரீட்ரிக்ஸ்ஹைன் நகர வைத்தியசாலையின் பிணவறையிலே கார்ல் பிரீட்லெண்டர் என்னும் அறிஞர் ஆராய்ச்சி நடத்திவந்தார். நியூமோனியாவினால் இறந்தோருடைய சுவாசப்பையிலே நுண்ணுயிர்களைத் தாம் கண்டமையை அவர் 1882 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே உறையால் மூடப்பட்ட ஒரு நுண்ணுயிரைத் தனியே வளர்த்தும் காட்டினார். நியூமோனியாவின் காரணம் இதுவே என்பது அவர் கொள்கை. கிராம் அவரிடத்தே சென்று சேர்ந்தார். ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் வயதிலே ஆறாண்டுகளே இடைவெளி.

ஆசிரியரின் ஆய்வுக்கு ஓர் இடையூறு இருந்தது. இறந்தோரின் சுவாசப்பையிலே துண்டம் அரிந்து சாயமிட்டால் நுண்ணுயிர்மட்டுமன்றித் தசையின் கலங்களும் அவற்றின் கருக்களும் ஒருங்கே சாயம் ஏற்றன. நீலக் காட்டிலே நீலப் பறவையைத் தேடுவதுபோல, எது கிருமி, எது உடலின் கூறு எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. இவ்விடையூற்றை நீக்க ஒரு வழி காண்பதே கிராம் மேற்கொண்ட பணி.

அவர் கண்ட வழி இதுவாகும். முதலிலே துண்டத்தை அனிலீன் கலந்த ஜென்சியன் வயலற் என்னும் ஊதாச் சாயத்தில் இடுவர். யாவும் ஊதாவாகும். அடுத்து அயடீன் கரைசலிலே சில நிமிட நேரம் இடுவர். பின்னர் அற்ககோலினாற் கழுவுவர். கழுவுங்கால் தசையும் கலங்களும் சாயத்தை இழந்து வெளுக்கும். நுண்ணுயிர்களோ ஊதா நிறம் மாறாது கருமை பொருந்தி நிற்கும். எஞ்சிய சாயத்தைக் கராம்புத் தைலம் போக்கும். இவ்வாறு செய்தபோது வெளிறிய நிலத்திலே மை தெறித்தாற்போலக் கிருமிகள் தெளிவாய்த் தோன்றின. சாயமிடுதலிலன்று, சாயத்தைப் போக்குதலிலே இம்முறையின் நுட்பம் அடங்கியிருக்கின்றது. துணி தோய்ப்பார் யாவரும் அறிந்த உண்மை அது. நல்ல சாயம் எது என்பது கழுவும்போதன்றோ தெரியும்?

1884 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, பிரீட்லெண்டர் ஆசிரியராயிருந்த மருத்துவ சஞ்சிகையிலே கிராமின் கட்டுரை வெளிவந்தது. ஐந்தே பக்கங்கள் கொண்ட சிறு கட்டுரை அது. அப்போது கிராமுக்கு வயது முப்பது.

குறையே நிறைவானது

அக்கட்டுரையின் முடிவு நினைவிற் கொள்ளத்தக்கது. தாம் வெளியிடும் முறை குறைபாடு மிக்கதென்பதையும், இன்னும் நிறைவெய்தவில்லை என்பதையும் கிராம் தாமே ஒப்புக்கொண்டார். பிறர் கையிலேனும் அது பயன்படக்கூடும் என்ற நம்பிக்கையினாலேயே வெளியிடுவதாகக் கூறி அமைந்தார். பொருந்தாத பெருமிதத்தோடு முடியும் ஆராய்ச்சிகள் மலிந்த உலகிலே இது புதுமையானது. பிரீட்லெண்டரோ மாணாக்கரைப் போலத் தயங்கவில்லை. கட்டுரையின் ஈற்றிலே தம் குறிப்பொன்றைச் சேர்த்து, தாம் கையாண்ட முறைகளுள் இது மிகச் சிறந்தவற்றுள் ஒன்று எனச் சான்று பகர்ந்தார்.

கிராம் குறையெனக் கருதியது யாது? எல்லா நுண்ணுயிரும் சாயத்தைக் காத்து நிற்கவில்லை. நெருப்புக்காய்ச்சலை விளைக்கும் கிருமி போன்ற சில, அற்ககோல் பட்டதும் தசையைப்போலவே வெளுத்துப் போயின. கிருமியனைத்தையும் காட்டவேண்டிய முறை சிலவற்றைக் காட்டாமல் விடுகின்றதே என்பது அவருக்குக் குறையாய்த் தோன்றியது. ஆயின், பிற்காலத்தார் அக்குறையிலேயே அதன் பெருமையைக் கண்டனர். சாயத்தைக் காப்பன ஓரினம், இழப்பன மற்றோரினம் எனப் பற்றீரியா உலகம் முழுவதையும் இரு பெருங் குலங்களாக வகுக்கும் அளவுகோலாய் அது அமைந்தது. முன்னவை கிராம் நேர் எனவும் பின்னவை கிராம் எதிர் எனவும் பெயர் பெற்றன. வெளுத்துப்போன கிருமிகளும் கண்ணுக்குப் புலனாகும் பொருட்டு ஈற்றிலே செந்நிறச் சாயம் ஒன்றையும் சேர்க்கும் வழக்கம் பின்வந்த ஆராய்ச்சியாளரால் ஏற்பட்டது. அதனால் முன்னவை ஊதாவாகவும் பின்னவை இளஞ்சிவப்பாகவும் இன்று தோன்றுகின்றன.

இவ்வேறுபாடு வெறும் நிறவேறுபாடு அன்று என்பது இருபதாம் நூற்றாண்டிலே தெளிவாயிற்று. கிராம் நேர்ப் பற்றீரியாவின் சுவர் தடித்தது. ஊதாச் சாயமும் அயடீனும் உள்ளே கூடித் திரண்ட பொருளை அற்ககோலினால் வெளியேற்ற இயலாதபடி அச்சுவர் இறுகித் தடுக்கின்றது. கிராம் எதிர்ப் பற்றீரியாவின் சுவரோ மெல்லியது. அதற்குப் புறத்தே கொழுப்புக் கலந்த ஒரு சவ்வு உண்டு. அற்ககோல் அச்சவ்வைக் கரைக்கச் சாயம் ஒழுகிப் போகின்றது. சுவர் வேறாயின் அதை உடைக்கும் மருந்தும் வேறாதல் இயல்பு. எனவே, நிறத்தைக் கண்டவர் மருந்தையும் பாதி கண்டவர் ஆவர்.

ஆசிரியர் கொள்கையும் மாணாக்கர் ஒளியும்

இனி, இவ்வரலாற்றின் உயிர்நிலையான பகுதிக்கு வருவோம். 1884 ஆம் ஆண்டிலே அல்பேர்ட் பிரெங்கல் என்னும் மற்றோர் அறிஞர், நியூமோனியாவின் காரணம் பிரீட்லெண்டர் கூறிய நுண்ணுயிர் அன்று, ஈட்டிமுனை போல ஒருபுறங் கூர்ந்து இவ்விரண்டாய் இணைந்து நிற்கும் பிறிதொன்றே எனக் கூறி எதிர்த்தார். அவ்விணைக் கிருமியை 1881 ஆம் ஆண்டிலேயே பிரான்சிலே பாஸ்ரரும், அமெரிக்காவிலே ஸ்ரேர்ன்பேர்க்கும், ஒருவரை ஒருவர் அறியாமல், உமிழ்நீரினின்று கண்டிருந்தனர். அறிஞரிடையே வாதம் மூண்டது.

வாதத்திலே நடுநின்று தீர்ப்புக் கூறும் சாட்சிகளுள் ஒன்றாயிற்று கிராமின் சாயம். பிரெங்கலின் இணைக் கிருமி ஊதா நிறத்தைக் காத்து நின்றது. பிரீட்லெண்டர் வளர்த்துக் காட்டிய கிருமியோ நிறத்தை இழந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பது வெளிப்பட்டது. 1886 ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்து வைக்செல்பாம் என்பவர் 129 நோயாளர்களை ஆராய்ந்து, பெரும்பாலோரிடத்தே காணப்படுவது இணைக் கிருமியே என்றும், பிரீட்லெண்டரின் கிருமி மிகச் சிலரிடத்தே காணப்படுவது என்றும் நிலைநாட்டினார். இணைக் கிருமி இன்று நியூமோகொக்கசு எனப்படுகின்றது. பிரீட்லெண்டரின் கிருமிக்குக் கிளெப்சியெல்லா என்பது இற்றைப் பெயர். மதுவினாலும் பிற நோய்களினாலும் மெலிந்தோரை வருத்தும் கொடிய நியூமோனியாவை அது இன்றும் விளைக்கின்றது. ஆகவே, இருவரும் மெய்யே கண்டனர். ஒருவர் கண்டது பெருவழக்கு. மற்றவர் கண்டது சிறுவழக்கு. அவ்வளவே வேறுபாடு.

ஆசிரியரின் பிணவறையிலே, ஆசிரியரின் ஆய்வுக்குத் துணையாக, மாணாக்கர் ஏற்றிய விளக்கு ஆசிரியரின் கொள்கையிலுள்ள குறையையும் காட்டிற்று. அவ்விளக்கை ஆசிரியரே தம் சஞ்சிகையிலே ஏற்றிவைத்து, இது நல்ல விளக்கு எனவும் எழுதினார். இதனினும் சிறந்த ஆசிரிய இலக்கணம் யாது? மாணாக்கரின் வினா தம் உரையைத் தகர்க்கும் என அஞ்சி வாயடைக்கும் ஆசிரியரை நாம் கண்டிருக்கின்றோம். சிற்சில வேளைகளிலே நாமே அவ்வாறு இருந்தும் இருக்கின்றோம். பிரீட்லெண்டர் 1887 ஆம் ஆண்டிலே, நாற்பது வயது நிரம்புமுன் காலமானார்.

மருந்தைக் குறைத்த மருத்துவர்

கிராம் தாயகம் மீண்டார். சாய முறையினாற் பெயர் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் அதனையே பேசிக்கொண்டிருந்தார் என எண்ணுவோர் தவறுவர். 1891 ஆம் ஆண்டிலே கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்திலே மருந்து நூற் பேராசிரியரானார். 1900 ஆம் ஆண்டிலே அப்பதவியை விடுத்து மருத்துவப் பேராசிரியரானார். வைத்தியசாலையிலே உள்நோய்ப் பகுதிக்குத் தலைவராயிருந்து, நோயாளியின் படுக்கை அருகே மாணாக்கரை நிறுத்திக் கற்பிப்பதிலே அவர் பேரார்வம் காட்டினார். அவ்விரிவுரைகள் 1902 ஆம் ஆண்டு முதல் 1909 ஆம் ஆண்டு வரை நான்கு பாகங்களாக வெளிவந்தன.

1901 ஆம் ஆண்டு தொடக்கம் 1921 ஆம் ஆண்டு வரை டென்மார்க்கின் மருந்து நூற் குழுவுக்குத் தலைவராய் அவர் இருந்தார். பயனற்றனவும் பழவழக்கினால் மாத்திரம் வழங்கிவந்தனவுமான மருந்துகள் பலவற்றை அந்நூலினின்றும் களைந்தெறிவதிலே அவர் முன்னின்றார். மருந்தைப் பெருக்கிப் புகழ்பெற்றோர் பலர். வேண்டாத மருந்தைக் குறைத்துப் புகழ்பெற்றோர் சிலர். நோயையும் அதன் மூலத்தையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்தே மருத்துவன் செயற்படவேண்டும் என்னும் வள்ளுவரின் நெறியைக் கிராம் அறிந்திருக்க நியாயமில்லை. ஆயின், நோய் முதலைக் காணச் சாயமும், தணிக்கும் வாயை ஒழுங்குசெய்ய மருந்து நூலும் என இருபாலும் அந்நெறியிலேயே அவர் வாழ்ந்தார்.

எழுபது வயது நிரம்பிய 1923 ஆம் ஆண்டிலே ஓய்வுபெற்று, மருத்துவ வரலாற்றை விரும்பிக் கற்றுக்கொண்டிருந்தார். 1938 ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 14 ஆந் திகதி, எண்பத்தைந்தாம் வயதிலே, பிறந்த நகரிலேயே இயற்கை எய்தினார். அவ்வாண்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நியூமோனியாவை வெல்லும் சல்பாபிரிடீன் என்னும் மருந்து இங்கிலாந்திலே வெற்றியோடு கையாளப்பட்டமை வெளியானது அவ்வாண்டிலேயாகும்.

சளியின் மதிப்பு ஏறியதும் இறங்கியதும்

அம்மருந்து தோன்றுமுன் சளிப் பரிசோதனை எத்துணை மதிப்புப் பெற்றிருந்தது என்பதை ஈண்டுக் கூறல் வேண்டும். நியூமோகொக்கசு ஒரே வகையினது அன்று. குதிரையின் குருதியினின்று பெற்ற ஊனீரை மருந்தாக ஊசிமூலம் ஏற்றும் வழக்கம் 1913 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிலே தோன்றியது. ஆயின், ஒரு வகைக்கு உரிய ஊனீர் மற்றொரு வகைக்கு ஏலாது. எனவே, நோயாளியின் சளியை உடனே பெற்று அதிலுள்ள கிருமி எவ்வகையினது எனத் துணிந்த பின்னரே மருந்தைத் தொடலாம். கிருமியின் உறை அதற்குரிய ஊனீர் பட்டதும் வீங்கித் தோன்றுவதை நொய்பெல்ட் என்பவர் 1902 ஆம் ஆண்டிலே கண்டிருந்தார். பின்னாளிலே அம்முறை சளியிலும் நேரே கையாளப்பட்டது. இரவென்றும் பகலென்றும் பாராது ஆய்வுகூடத்தார் சளியை ஆராய்ந்த காலம் அது.

சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்த பின்னர் அந்நிலை மாறியது. வகை எதுவாயினும் ஒரே மருந்து கேட்குமாயின் வகை காண்பது எதற்கு என மருத்துவர் எண்ணலாயினர். பிளெமிங் பெனிசிலினைப்பற்றி 1929 ஆம் ஆண்டிலே எழுதியபோதே, அது பெரும்பாலும் கிராம் நேர்க் கிருமிகளையே தடுக்கின்றது எனக் காட்டியிருந்தார். பின்னர் இரு குலத்தையும் ஒருங்கே தாக்கும் மருந்துகளும் வந்தன. அவற்றின் வன்மையை நம்பியோர் சளியைக் கேளாமலே மருந்து கொடுக்கப் பழகினர்.

சளிப் பரிசோதனைமீது குறை கூறுவோரும் உளர். அவர் கூற்றிலே நியாயமும் உண்டு. நோயாளர் பலருக்குச் சளி வருவதே இல்லை. வந்தாலும் வாயிலுள்ள கிருமிகள் கலந்து மயக்குகின்றன. மருந்து உண்ட பின்னர் எடுத்த சளியிலே கிருமி மறைந்துபோகின்றது. மைக்கோபிளாசுமா போன்ற சில நுண்ணுயிர்களும் வைரசுகளும் கிராம் சாயத்திலே தோன்றுவதில்லை. ஆகவே, கிருமி காணப்படவில்லை என்பதனால் நோயில்லை என்றாகாது.

ஆயினும், நல்ல சளி நல்ல சாட்சி. அது நெஞ்சின் ஆழத்தினின்று வந்ததா, வாயினின்று வந்ததா என்பதை நுணுக்குக்காட்டியே சொல்லிவிடுகின்றது. குறைந்த உருப்பெருக்கத்தில் நோக்குங்கால், ஒரு பார்வைப் புலத்திலே வெண்குருதிக் கலங்கள் 25 இற்கு மேலும், வாய்த்தோலின் கலங்கள் 10 இற்குக் கீழும் இருப்பின் அது நல்ல சளி எனக் கொள்வது ஒரு வழக்கு. அத்தகைய சளியை ஆயிரம் மடங்கு பெருக்கி நோக்கும்போது, ஊதா நிறத்த இணைக் கிருமிகள் செறிந்திருப்பின் நியூமோகொக்கசு என ஐயுற இடமுண்டு. கொத்துக் கொத்தாய் ஊதா உருண்டைகள் இருப்பின் ஸ்ரபிலோகொக்கசு. தடித்த செந்நிறக் கோல்கள் இருப்பின் பிரீட்லெண்டரின் கிருமி. முன்னதற்குப் பெனிசிலின் இன்றும் பெரும்பாலும் கேட்கும், பின்னதற்குக் கேளாது. கிருமியை வளர்த்துப் பார்க்க ஒரு நாளோ இரு நாளோ அதற்கு மேலோ செல்லும். சாயமிட்டுப் பார்க்க ஒரு மணித்தியாலமும் வேண்டியதில்லை.

2019 ஆம் ஆண்டிலே அமெரிக்க மார்புநோய் அறிஞரும் தொற்றுநோய் அறிஞரும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி நடுநிலையானது. வீட்டிலிருந்தே மருந்துண்ணும் இலேசான நோயாளர் எல்லாருக்கும் இப்பரிசோதனை வேண்டியதில்லை என்றும், கடும் நியூமோனியாவோடு வைத்தியசாலையிற் சேர்ந்தோருக்கும், மருந்துக்கு எளிதில் அடங்காத கிருமிகள் உண்டென ஐயுறப்படுவோருக்கும் அது செய்யப்படவேண்டும் என்றும் அது கூறுகின்றது. மருந்துகளை எதிர்த்து நிற்கும் கிருமிகள் பெருகிவரும் இந்நாளிலே, பகைவன் யாரென அறியாமல் படைக்கலம் அனைத்தையும் வீசுதல் அறிவுடைமை ஆகாது. வீசிய படைக்கலத்தைப் பகைவன் கற்றுக்கொள்கின்றான்.

குழூஉக்குறியான பெயர்

என் அன்னையார் இரண்டாம் நாள் நாணத்தை விடுத்தார். தாதியார் சொற்படி நீரினால் வாய் கொப்புளித்து, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சின் அடியினின்று இருமிச் சளியைத் தந்தார். மாலையிலே வைத்தியர் வந்து தாளிலே எழுதியிருந்த குறிப்பைப் படித்து, கொடுத்துவந்த மருந்துகள் இரண்டினுள் ஒன்றை நிறுத்தினார். அன்னையார் நலம்பெற்று வீடு திரும்பினார். நிறுத்திய மருந்தினாலே நலம்பெற்றார் என நான் கூறவில்லை. வேண்டாத ஒன்றை அவர் உடம்பு சுமக்கவில்லை என்பதே போதும். பயனற்ற மருந்துகளைக் களைந்தெறிந்த அந்த டென்மார்க்கு அறிஞர் இதனைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என எண்ணிக்கொண்டேன்.

தொடக்கத்திலே கூறிய மூன்றனுள் குழூஉக்குறி என்பது ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே வழங்கும் சொல்லாகும். கிராம் என்னும் பெயர் இன்று மருத்துவரின் குழூஉக்குறியாய் விட்டது. ஆங்கில நூல்களிலே அதனை மனிதர் பெயர்க்குரிய பேரெழுத்தினாலன்றிச் சிற்றெழுத்தினாலே எழுதுவோரும் உளர். பெயர்ச்சொல் தேய்ந்து அடைமொழியாயிற்று. நாள்தோறும் உலகின் ஆய்வுகூடங்களிலே அப்பெயரைச் சொல்வோருள் அவர் பிறந்த ஊரை அறிந்தவர் எத்தனைபேர் இருப்பர்? தம் முறை குறைபாடுடையது எனத் தாமே எழுதிவைத்து, பிறர் கையிலே பயன்படட்டும் என விட்டகன்றவருக்கு இவ்வாறு பெயர் தேய்ந்தமையும் ஏற்றதே போலும். சந்தனம் தேயத் தேயவே மணம் பரவும்.